மேசை தட்டிய ஊர்

வாசகப் பெருமக்களே, தொடங்கும் முன்பே உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அந்த ஊருக்கு வந்ததில்லை. அந்த மாடியறையில் என்னோடு அமர்ந்ததில்லை. ஆயினும் நடந்ததை நடந்தபடியே உங்கள் முன் வைக்கப்போகிறேன். முடிவில் நான் உரத்த குரலில் கொடுத்த ஒரு வாக்குறுதி வரும். நாளை நான் அதை மறந்து நின்றால், 'நாங்கள் கேட்டோமே' என்று என் சட்டையைப் பிடிக்கும் உரிமையை இன்றே உங்களுக்கு எழுதித் தருகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் ஏறிய மேடையிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை என்று என் வீட்டில் சொல்வார்கள். கும்பகோணத்துக்காரன், திருச்சியில் படித்தவன், கல்லூரிப் பேச்சு மன்றத்தில் கோப்பைகளை அள்ளியவன். டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்கள் பட்டிமன்றம் ஒன்றுக்கு என்னை அழைத்தபோது, ஜெர்மனி எனக்கு இன்னும் சற்றுத் தொலைவில் போடப்பட்ட மேடையாகவே தெரிந்தது. 'சமுதாயத்தை உயர்த்துவது பழமையைக் காப்பதா, புதுமையைப் படைப்பதா?' என்பது தலைப்பு. புதுமை அணிக்கு நான் தலைவன். பாழடைந்த மாளிகைகளைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், இடித்துவிட்டு நூலகம் கட்டுங்கள் என்று முழங்கினேன். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

எதிரணியில் அமர்ந்து தோற்றவன் நவாஸ். திருச்சியில் என் அறைத்தோழன். இப்போது டார்ம்ஸ்டாட்டில் கட்டடப் பொறியியல் முதுகலை படிக்கிறான். பழைய மரக் கட்டடங்களின் உறுதியைச் சோதிப்பது அவன் ஆய்வு. தோற்றவனுடைய முகத்தில் இருந்திருக்க வேண்டிய வாட்டம் அவனிடம் இல்லை.

"ஜெயிச்சிட்டல்ல மாப்ள? கங்கிராட்ஸ். இப்ப மூணு நாள் என்கூட வா. நீ இடிக்கச் சொன்ன பில்டிங்கையெல்லாம் ஒண்ணொண்ணா காட்டுறேன். பாத்துட்டு அதே ஸ்பீச்சை அங்க நின்னு பேசு."

சவாலை மறுக்கும் வழக்கம் எனக்கில்லை. மறுநாளே புறப்பட்டோம்.

ஓடன்வால்ட் என்பது டார்ம்ஸ்டாட்டுக்குத் தென்கிழக்கே எழும் காட்டு மலைப்பகுதி. மலை என்றவுடன் கொடைக்கானலை நினைத்துவிடாதீர்கள். கம்பளியை உதறிப் போட்டாற்போல் மேடும் பள்ளமுமாய்ப் பசுமை கிடக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஊர் ஒளிந்திருக்கிறது. ஜூன் மாதம். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் போக மனமில்லாமல் வாசலில் நிற்கும் நாடு அது. எங்களூரில் அப்படி விருந்தினர்தாம் நிற்பார்கள்.

இரண்டே பெட்டி கொண்ட ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்ததும், நான் வெளியே தெரிந்த கூரைகளைப் பற்றி உரையாற்றத் தொடங்கினேன். எதிர் இருக்கையில் இருந்த மூதாட்டி தன் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். நவாஸ் ஜன்னலடியில் இருந்த சிறு மேசையைப் பேனாவால் இருமுறை தட்டினான். வாக்கியத்தின் நடுவிலேயே என் வாய் மூடிக்கொண்டது.

இதற்கு விளக்கம் தேவை. எங்கள் பேச்சு மன்றத்தில் நடுவர் மேசையைத் தட்டினால் நேரம் முடிந்தது என்று பொருள். மீண்டும் தட்டினால், சொல் பாதியில் தொங்கினாலும் அமர்ந்துவிட வேண்டும். அமராதவனுக்கு மதிப்பெண் குறையும். ஆண்டுக்கணக்கில் பழகிய அந்தச் சட்டம் என் ரத்தத்தில் ஊறிவிட்டது. நவாஸுக்கு அது தெரியும். "உன்னை ஆஃப் பண்ற ஸ்விட்ச் உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, "ஸ்டேஷன் வந்தா எழுப்பு" என்று கண்ணை மூடினான்.

நிலையம் வரப்போவதைப் பெட்டியிலிருந்த அறிவிப்புப் பலகையில் கண்டு அவனை எழுப்பினேன். பைகளோடு கதவருகே நிமிர்ந்து நின்றோம். நிலையம் வந்தது, நடைமேடை வந்தது, பூந்தொட்டி ஒன்று வந்தது, எல்லாம் போயின. ரயில் நிற்கவே இல்லை.

"பட்டனை அமுக்கினியா?" என்றான் நவாஸ்.

"எந்தப் பட்டன்?"

சிறிய நிலையங்களில் இறங்குகிறவர் பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் அங்கே ரயில் நிற்குமாம். கும்பகோணத்தில் ரயில் நிற்பதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சில சமயம் அது நகர்வதற்குத்தான் பிரார்த்தனை வேண்டியிருக்கும். அடுத்த நிலையத்தில் இறங்கி, பழத்தோட்டங்களின் ஊடே திரும்பி நடந்தோம்.

வழியில் ஒரு செர்ரி மரம், கிளைகள் வளையும்படிக் காய்த்திருந்தது. அடிமரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். என் கால்கள் தாமாகவே செருப்பைக் கழற்றின. யாருடைய வேண்டுதலோ, எந்தப் பிள்ளைவரமோ என்று எண்ணிக் கைகூப்பிக் கண்மூடி நின்றேன். கண்ணைத் திறந்தபோது நவாஸின் வாய்நிறையப் பழம்.

"டேய்! சாமி மரம்டா!"

"சாமியாவது பூதமாவது. மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தா யார் வேணா பறிக்கலாம்னு அர்த்தம். ஓனருக்குப் பறிக்க நேரமில்ல. சாப்பிடு."

வாசகர்களே, வேண்டாமலே வரம் தந்த முதல் மரத்தை அன்றுதான் கண்டேன். வணங்கியது வீண்போகவில்லை, சட்டைப்பை சிவக்கும்வரை பறித்தேன்.

பின்னால் ஒரு சிறு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தவர் சுகந்தி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து இளம்வயதில் அகதியாக வந்து, இங்கே படித்து, அந்தச் சிற்றூரின் கடைத்தெருவில் சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நவாஸ் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் தங்குவான். எங்களை அழைத்துப் போக நிலையத்தில் காத்திருந்தவர், ரயில் நிற்காமல் போனதைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்.

"வாங்கோ தம்பிமார், ஏறுங்கோ. பொத்தானை அமத்தேல்லைப் போல!"

"ரயில் தானாக நிற்கும் என்று நினைத்தேன் அக்கா" என்றேன்.

"இஞ்ச ஒண்டும் தானா நிக்காது தம்பி. கேட்டாத்தான் நிக்கும்." என் வாயைச் சுற்றியிருந்த சிவப்பைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "பேச்சாளர் எண்டு நவாஸ் சொன்னவர். வெத்திலை போட்ட வாய் மாதிரியெல்லோ இருக்கு!"

அன்றிரவு இடியப்பம், சொதி, சம்பல். எங்களூர் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான் என்று நான் சொன்னேன். "குழந்தைப்பிள்ளையள் சாப்பிடுறதை ஏன் பெரியாக்களுக்குக் குடுக்கினம்?" என்றார் அக்கா. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. மூன்றாம் தட்டு வந்துவிட்டது.

மறுநாள் காலை ஊரைப் பார்க்கப் புறப்பட்டோம். நான் புதுமை அணித் தலைவனாகத்தான் படியிறங்கினேன். முதல் திருப்பத்திலேயே கட்சி மாறும் நிலை வந்துவிட்டது.

சதுக்கத்தின் நடுவே ஊர்மன்றம் நின்றது. நின்றது என்ற சொல்லை உண்மையாகவே பயன்படுத்துகிறேன்: தடித்த ஓக் மரத் தூண்கள்மேல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கப்போகும் பெண்ணைப்போல் நின்றது. கீழே தூண்களுக்கு நடுவே வெறும் நிழல். அங்கே ஒரு காலத்தில் சந்தை கூடியதாம், வழக்கும் தீர்த்தார்களாம். மேலே மாடியறை, அதன்மேல் கூரான ஓடு. சுற்றிலும் சட்ட வீடுகள்: மரச்சட்டங்களை முதலில் பூட்டி நிறுத்திவிட்டு, இடைவெளிகளை மண்ணும் வைக்கோலும் குழைத்து நிரப்பியவை. சட்டங்கள் வெளியே தெரியும்படி விட்டிருப்பதால் ஒவ்வொரு வீடும் தன் எலும்பைத் தானே பெருமையாகக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சில சுவர்களில் அந்தச் சட்டங்கள் கையையும் காலையும் விரித்து நிற்கும் மனிதனின் வடிவில் அமைந்திருந்தன. அந்த மனிதர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து, "எங்களையா இடிக்கச் சொன்னாய்?" என்று கேட்பதுபோலிருந்தது.

"ஸ்பீச்சை ஸ்டார்ட் பண்ணு மாப்ள" என்றான் நவாஸ்.

நான் தண்ணீர் குடித்தேன்.

எங்களுக்குச் சுற்றிக்காட்ட வந்தவர் ஹெல்விக் அம்மையார். ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர், எழுபதைத் தாண்டியவர், இடுப்பில் சாவிக்கொத்து. அவர் ஜெர்மனில் சொல்லச் சொல்ல நவாஸ் தமிழாக்கினான். ஒரு சட்டத்தின் ஓரத்தில் உளியால் வெட்டிய கோடுகளைக் காட்டினார், ரோமானிய எண்கள். தச்சர்கள் வீட்டை முதலில் தரையில் பூட்டிப் பார்த்து, எண் போட்டு, பிரித்து, மீண்டும் இங்கே நிறுத்தினார்களாம். எண்ணின்படி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சட்டங்கள் மட்டும் இல்லை. "நாலும் ஐந்தும் இடம் மாறிவிட்டன. அன்று தச்சர்கள் மதியத்திலேயே குடித்திருக்க வேண்டும்" என்றார் அம்மையார், நேற்று நடந்ததைச் சொல்லும் குரலில்.

அடுத்த வீட்டு வாசலில் என் நெற்றி நிலைப்படியின் மேற்சட்டத்தில் மோதியது. மோதல் சதுக்கம் முழுதும் கேட்டது. அம்மையார் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

"'இந்த வீட்டுக்குள்ள எல்லாரும் தலை வணங்கித்தான் போவாங்க. நீங்க வணங்கல, அதனால வீடே வந்து கேட்டு வாங்கிக்கிச்சு'ங்கிறாங்க" என்றான் நவாஸ். அம்மையார் முகத்தில் சிரிப்பே இல்லை. அப்பொழுதே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஊர்மன்றத்தின் தூண் ஒன்றில் இரும்புக் கோல் ஒன்று பதிந்திருந்தது. முழங்கையைவிடச் சற்று நீளம். துணி வாங்கியவர்கள் கடைக்காரர் அளந்தது சரிதானா என்று அங்கே வந்து வைத்துப் பார்க்கலாமாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் பக்கத்துக் கோயில்களின் அடிச்சுவரில் நிலமளக்கும் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருப்பதைச் சிறுவயது முதல் பார்த்தவன் நான். கோலின் ஒரு முனையில் என் கட்டைவிரலையும் மறுமுனையில் சுண்டுவிரலையும் வைக்க முயன்றேன், எட்டவில்லை. அந்தத் தூணை அப்படியே கட்டிக்கொண்டேன். நவாஸ் படமெடுத்துப் பட்டிமன்றக் குழுவுக்கு அனுப்பினான். 'புதுமை அணித் தலைவர் களத்தில்' என்று தலைப்பும் இட்டான், துரோகி.

பகலுணவுக்கு அவ்வூர் விடுதியில் பாலாடைக்கட்டி ஒன்று வந்தது. வெங்காயம் மிதக்க, மணம் முன்னே வர, தட்டு பின்னே வந்தது. 'இசையோடு கூடிய பாலாடைக்கட்டி' என்று பெயராம். இசை எங்கே என்று பரிமாறியவரிடம் கேட்டேன். "அது பிறகு வரும்" என்றார் அவர். பின்மாலையில், ஹெல்விக் அம்மையார் தேவாலயத்தின் அமைதியைக் கேட்கச் சொன்னபோது, நவாஸின் வயிறு அந்த விடையை உறுதிசெய்தது.

மூன்றாம் நாள் களஞ்சியத்துக்குப் போனோம். நவாஸின் ஆய்வே அதைப் பற்றியதுதான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்கு என்று கொண்டுவந்து கொட்டிய கட்டடம். கீழே கற்சுவர், மேலே மரம்; உள்ளே போனால் கவிழ்த்துவைத்த கப்பலுக்குள் நிற்பதுபோலிருந்தது. நவாஸ் ஒவ்வொரு தூணிலும் ஈரம் அளக்கும் கருவியின் முட்களைக் குத்திக் குத்திக் குறித்துக்கொண்டான். நான் நடுவில் நின்று ஒரு வரி பேசிப் பார்த்தேன். குரல் மேலே போய், உத்தரங்களில் உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தது. இப்படியொரு மண்டபத்தில் பேசக் கிடைத்தால் ஒலிபெருக்கியே வேண்டாம்.

சுகந்தி அக்கா கடையைப் பூட்டிவிட்டு அங்கே வந்திருந்தார். அன்றுவரை அவர் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னார். சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் அவர் ஒரு தமிழ்ப் பள்ளி நடத்துகிறார். வகுப்பு நடக்கும் நிலவறையை விடுமுறைக்குப் பின் தரமாட்டோம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார்.

"வேற இடமெல்லாம் கேட்டுப் பாத்திட்டன். ஒண்டும் சரிவரேல்லை. இந்தக் களஞ்சியமும் கிடைக்காட்டி பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான். டார்ம்ஸ்டாட்டுக்குக் கிழமைக்குக் கிழமை பிள்ளையளைக் கொண்டுபோக எல்லாத் தாய்தகப்பனாலும் ஏலாது."

களஞ்சியம் வரலாற்றுச் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. அன்று மாலையே சங்கத்தின் கூட்டம். வைன் வியாபாரி ஒருவர் அதைக் கிடங்காகக் கேட்டிருக்கிறார். அதற்கு அன்று வாக்கெடுப்பு. வேறு யாருக்கு வேண்டுமென்றாலும் கூட்டத்தில் எழுந்து வாயால் கேட்க வேண்டும். கேட்டால் அதையும் சேர்த்துக் கையுயர்த்தி முடிவுசெய்வார்கள். அதுவே அந்தச் சங்கத்தின் வழக்கம்.

"ஹெல்விக் அம்மாட்டை எனக்குக் கொஞ்ச நேரம் தாங்கோ எண்டு சொல்லி வச்சிருக்கிறன். ரெண்டு வசனம். அதுக்கே கை நடுங்குது" என்றார் அக்கா.

வாசகர்களே, ஒரு பள்ளிக்கூடம்; ஒரு மண்டபம்; ஒரு மேடை; இரண்டே இரண்டு வாக்கியம்! என் இடத்தில் நீங்கள் இருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா?

"அக்கா, அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள். நான் தமிழில் பேசுகிறேன், நீங்கள் ஜெர்மனில் சொல்லுங்கள். அவர்கள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்."

"டேய், இது பட்டிமன்றம் இல்லடா. மீட்டிங்" என்றான் நவாஸ்.

அக்கா என்னை, கண்பார்வை சோதிக்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "சரி, கதையுங்கோ தம்பி. ஆனா வசனத்தை நீட்டாதேங்கோ. நான் மூச்சுவிட வேணும்."

கூட்டம் ஊர்மன்றத்து மாடியறையில். நீண்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கோப்பை பீர் அல்லது ஆப்பிள் சாறு. அறை முழுவதும் மூக்குக்கண்ணாடிகள். அக்கா என் காதருகே குனிந்தார்.

"பயப்பிடாதேங்கோ. முக்கால்வாசிப்பேர் என்ரை கண்ணாடிதான். அந்த மூலையில இருக்கிறவர் க்ரேமர். எல்லாத்துக்கும் மாட்டன் எண்டுவார். களஞ்சியத்துக்கு நேர் எதிர் வீடு. கிட்டப்பார்வை."

கூரை ஒழுகல், திருவிழாவுக்குக் கொடி, யாரோ திருப்பித் தராத ஏணி என்று பலவற்றையும் பேசி முடித்தபின், ஹெல்விக் அம்மையார் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்தேன்.

"நடுவர் அவர்களே!"

"இஞ்ச நடுவர் இல்லைத் தம்பி" என்று முணுமுணுத்துவிட்டு, அக்கா அதைத் 'தலைவர் அவர்களே' என்று மாற்றினார் போலும், அம்மையார் மகிழ்ந்தார்.

நான் அவர்களுடைய இரும்புக் கோலில் தொடங்கினேன். துணி வாங்கிய ஓர் ஏழைப் பெண் அதை அந்தத் தூணருகே எடுத்து வந்து அளந்து பார்க்கும் காட்சியைக் காட்டினேன். அங்கிருந்து என் ஊர்க் கோயில் சுவருக்குத் தாவினேன். "கடலும் மலையும் நடுவே கிடக்கும் இரண்டு ஊர்கள். ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் அளவு பொய்க்கக்கூடாது, அதை எல்லோரும் பார்க்கும் சுவரில்தான் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு ஊருக்கும் தோன்றியிருக்கிறது!" என்றேன். அக்காவின் ஜெர்மனும் சூடேறிவிட்டது. நான் கையை உயர்த்தினால் அவரும் உயர்த்தினார். கோப்பைகள் பாதிவழியில் நின்றன.

பிறகு களஞ்சியத்துக்கு வந்தேன். எங்கள் காவிரிக் கரையிலும் செங்கல்லால் எழுப்பிய பெரிய நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது என்றேன். அதுவும் இன்று வெறுமை, இதுவும் வெறுமை. "தானியம் இல்லாத களஞ்சியத்தின் முன்னால் நின்று ஓர் ஊர் தன்னைத்தானே என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?"

இங்கே நிறுத்தினேன். திட்டமிட்ட மௌனம் அது. அவையின் மூச்சு என் கையில் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் பிள்ளைகள் வருவார்கள். அதற்கடுத்த வாக்கியத்தில் கோரிக்கை வரும்.

அந்த மௌனத்தில், ஒருவர் விரல்முட்டியால் மேசையைத் தட்டினார்.

இன்னொருவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். க்ரேமர்கூடத் தட்டினார். மேசைகளெல்லாம் அதிர்ந்தன, கோப்பைகள் குலுங்கின.

ஒரு நடுவர் தட்டினாலே அமர்கிறவன் நான். அவையே நடுவராகித் தட்டினால் என்ன செய்வேன்? அப்படியே அமர்ந்துவிட்டேன். அக்கா அடுத்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்தபடியே நின்றார்.

"ஏன்டா உக்காந்த?" என்று நவாஸ் என் தொடையைக் கிள்ளினான்.

"தட்டிட்டாங்கடா!"

ஹெல்விக் அம்மையார் எழுந்து மலர்ந்த முகத்தோடு ஏதோ சொன்னார். நவாஸ் தலையில் கைவைத்துக்கொண்டு தமிழாக்கினான்: "'இந்தியாவிலேருந்து வந்த விருந்தாளியோட அருமையான சொற்பொழிவுக்கு நன்றி. இப்ப கிடங்கு விஷயம். வேற யாரும் கேக்கலங்கிறதால வாக்கெடுப்புக்குப் போறோம்.'"

எல்லாம் பேசினேன், கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அம்மையாரின் கை உயரத் தொடங்கியது. அந்தக் கை முழுதாக உயர்ந்தால் ஒரு பள்ளிக்கூடம் முடிந்தது.

"ஒரு நிமிஷம்!" என்று ஜெர்மனில் ஒரு குரல் வெடித்தது. சுகந்தி அக்கா. கை நடுங்குகிறது என்று சொன்ன அதே அக்கா, இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றி நின்றார். அவர் சொன்னதை நவாஸ் எனக்குச் சொன்னபடியே தருகிறேன்.

"என் விருந்தாளி அழகாகப் பேசினார். ஆனால் கேட்க வந்தது நான். சனிக்கிழமை காலைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கக் களஞ்சியம் வேண்டும். தருவீர்களா?"

அவ்வளவுதான்.

க்ரேமர் எழுந்தார். "பிள்ளைகள் என்றால் சத்தம் வருமே?"

"க்ரேமர் ஐயா, சனிக்கிழமை காலையில் நீங்கள் புல்வெட்டும் இயந்திரம் என் கடைவரை கேட்கிறது. பிள்ளைகளுக்குத்தான் அது இடைஞ்சலாக இருக்கும். நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம்."

அறை சிரித்தது. மற்றொருவர், "வைன்காரர் வாரம் முழுதும் பயன்படுத்துவார், நீங்கள் ஒரு காலைக்குத்தானே கேட்கிறீர்கள்?" என்றார்.

"ஓம்" என்று தமிழிலேயே தொடங்கிவிட்டு ஜெர்மனுக்கு மாறினார் அக்கா. "மற்ற நாளெல்லாம் அது உங்களுடையதாகவே இருக்கும். நீங்கள் போகலாம், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். அங்கே பெட்டி அடுக்கிப் பூட்டிவிட்டால், ஒரு நாளாவது நீங்கள் உள்ளே போக முடியுமா?"

நானாக இருந்தால் இந்த இடத்துக்கு வந்துசேர ஒரு மணிநேரம் ஆகியிருக்கும்.

கைகள் உயர்ந்தன. எண்ணத் துணிவில்லாமல் நான் தரையைப் பார்த்தேன். நவாஸ்தான் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினான். க்ரேமரின் கை பாதிவரை உயர்ந்து, யோசித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மீதித் தூரமும் போனது.

அடுத்த வசந்தம்வரை பரீட்சார்த்தமாகக் களஞ்சியம் தமிழ்ப் பள்ளிக்கு. ஒரே நிபந்தனை: தூண்களில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது. ஹெல்விக் அம்மையார் இடுப்புக் கொத்திலிருந்து ஒரு பெரிய சாவியைக் கழற்றி, மேசைமேல் அக்காவிடம் தள்ளினார்.

உடனே மறுபடியும் தட்டத் தொடங்கினார்கள். எல்லா மேசைகளிலும், முன்னைவிட வேகமாக. நான் பதறி எழுந்து, அக்காவின் கையைப் பிடித்து, "உட்காருங்கள் அக்கா, தட்டுகிறார்கள்!" என்றேன்.

அக்கா என்னை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்தது. சிரிப்பு அவரை மேசையோடு சாய்த்துவிட்டது; கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"அட கடவுளே! இதுக்குத்தான் இருந்தனீங்களோ? தம்பி, இவை கை தட்டுறேல்லை, மேசை தட்டுவினம். நல்லாக் கதைச்சீங்கள் எண்டு தட்டினவை! எல்லாத்தையும் வடிவாச் சொன்னியள். கடைசியில பொத்தானை மட்டும் அமத்தேல்லை!"

வாசகர்களே, அந்த நொடியில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது தலைகால் புரியாத மகிழ்ச்சி. என் வாழ்நாளில் கிடைத்த ஆகப்பெரிய பாராட்டொலி அது; அதற்குப் பயந்து நான் உட்கார்ந்திருக்கிறேன்! பள்ளி பிழைத்தது, களஞ்சியம் பிழைத்தது, என் பேச்சும், பாதியில் நின்றாலும், பிழைத்தது. நவாஸ் அந்தச் செய்தியை அதற்குள் பட்டிமன்றக் குழுவுக்கு அனுப்பிவிட்டிருந்தான்.

கீழே இறங்கி வந்தபோது மணி ஒன்பதாகியும் சதுக்கத்தில் வெயில் இருந்தது. எல்லோரும் தூண்களுக்கு நடுவே கோப்பைகளோடு கூடினார்கள். க்ரேமர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல பேச்சு. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை என்ன? அந்த ஊர் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்களே" என்றாராம். விடையை அக்கா சட்டைப்பையில் வைத்திருந்தார். இரும்புச் சாவி துருத்திக்கொண்டிருந்தது.

"பேசு மாப்ள. இடிக்கச் சொன்ன ஸ்பீச்" என்றான் நவாஸ். "இப்ப ஆடியன்ஸ் ரெடி."

நான் இரும்புக் கோல் பதித்த தூணருகே போய் நின்றேன். தொண்டையைச் செருமினேன். எல்லோரும் திரும்பினார்கள். அக்கா பதறி, "தம்பி, சுருக்கமா!" என்றார்.

"சுருக்கமாகத்தான் அக்கா. மாற்றிச் சொல்லுங்கள்" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் ஜெர்மனில் சொன்னார். அந்தச் சதுக்கமே கேட்டது:

"அடுத்த வசந்தத்தில் நான் திரும்பி வருவேன். பொத்தானை அழுத்தி ரயிலை நிறுத்துவேன். உங்கள் களஞ்சியத்தில் கடைசி வரிசையில் அமர்வேன். பிள்ளைகள் பேசுவார்கள், நான் வாயே திறக்காமல், விரல்முட்டி சிவக்கும்வரை மேசையைத் தட்டுவேன்!"